32×23 சக்கரக் கூண்டு: கம்பி தேறும், கொண்டி தேறாது

இணையக் கடையில் ஒரு பெயர், பறவைக் கடையில் இன்னொரு ஸ்டிக்கர், மொத்த வியாபாரியிடம் பெயரே கிடையாது. எங்கே வாங்கினாலும் இந்தக் கிளிக் கூண்டு ஒன்றுதான். அகலம் 32 அங்குலம், ஆழம் 23 அங்குலம், நான்கு சக்கரம், கறுப்பு அல்லது சாம்பல் பவுடர் கோட்டிங், உச்சியில் ஏணியோடு ஒரு விளையாட்டுத் தட்டு, மூன்று தீனிக் கிண்ணம். பலகம் பலகமாகப் பிரித்து அட்டைப் பெட்டியில் வருகிறது. விளம்பரத்தில் காக்டெயில் (சின்னக் கொண்டைக் கிளி), ஆப்பிரிக்கன் கிரே, காக்கட்டூ, மக்காவ் எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று போட்டிருப்பார்கள். 90 கிராம் பறவைக்கும் 900 கிராம் பறவைக்கும் ஒரே கூண்டு பொருந்தாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆப்பிரிக்கன் கிரே, அமேசான் கிளி போன்ற நடுத்தரப் பறவைக்கு, சில உதிரிகளை மாற்றினால், கொடுத்த காசுக்குத் தகும். சின்ன இனமான கோஃபின் காக்கட்டூவுக்கு இரவில் அடைக்க மட்டும் போதும். அம்பர்லா, மொலுக்கன் போன்ற பெரிய காக்கட்டூக்களுக்கு வாங்கவே கூடாது. காக்டெயிலுக்கும் வேண்டாம். அங்கே சிக்கல் இடமல்ல, கம்பி இடைவெளி.

அளவு

5 அடிக்கு மேல் உயரம் என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். சக்கரம், கால், கீழே இருக்கும் தட்டு, மேலே இருக்கும் விளையாட்டுத் தட்டு எல்லாவற்றையும் கழித்தால் பறவைக்கு மிஞ்சுவது இரண்டரை முதல் 3 அடி. அகலத்திலும் இதே வித்தை உண்டு. கீழே நாலாபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டையும் சேர்த்துச் சிலர் அளவு சொல்வார்கள். டேப்பை உள்ளே வைத்து, கம்பிக்குக் கம்பி அளந்தால்தான் உண்மை தெரியும்.

23 அங்குலம் என்பது 58 செ.மீ. ஆப்பிரிக்கன் கிரே எந்தப் பக்கம் திரும்பிச் சிறகு விரித்தாலும் இதற்குள் அடங்கும். கோஃபின் குறுக்கே நின்று விரித்தால் நுனி கம்பியில் உரசும். நாளெல்லாம் உள்ளே கிடந்தால் வாலும் சிறகு நுனியும் சிலும்பிப் போகும். அம்பர்லா அலகிலிருந்து வால் வரை 46 செ.மீ. நீளம் உள்ள பறவை. அதற்குக் குறைந்தது 40×30 அங்குலம் வேண்டும். மேலே விளையாட்டுத் தட்டு வைத்த மாடலைவிட, கூரை குவிந்த மாடலில் உட்புற உயரம் அதிகம். விளையாட்டுத் தட்டு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் உட்காரும் பறவையின் எச்சம் ஏணி வழியாகக் கீழே இருக்கும் தண்ணீர்க் கிண்ணத்தில்தான் விழுகிறது.

கம்பி இடைவெளி முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. கிரேவுக்கும் கோஃபினுக்கும் சரி. காக்டெயிலுக்கு அரை அங்குலம் முதல் 16 மி.மீ. வரைதான் போகலாம். 19-ல் அது தலையை வெளியே நுழைத்துவிடும், திரும்ப இழுக்கும்போது தாடை மாட்டிக்கொள்ளும். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கிற பட்ஜிகளுக்கு இந்தக் கூண்டு திறந்த கதவுக்குச் சமம்.

கம்பியும் பற்றும்

கம்பியின் தடிமன் 3 மி.மீ. வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை எளிது. பலகத்தின் நடுப்பகுதியில் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் இரண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கினால் அந்தப் பலகம் காக்கட்டூவுக்கு ஆகாது. பெரிய காக்கட்டூவுக்கு 5 மி.மீ.யும், கோஃபினுக்கு 4 மி.மீ.யும் இருந்தால் நிம்மதி.

கம்பி வளைவதைவிட அடிக்கடி நடப்பது பற்று விடுவது. நெடுக்குக் கம்பி குறுக்குக் கம்பியைச் சந்திக்கும் இடத்தில் ஒரு பொட்டு வெல்டிங்தான் இருக்கும். காக்கட்டூ கம்பியைக் கடிப்பதில்லை, நெம்பும். மேல் அலகைக் குறுக்குக் கம்பியில் கொக்கிபோல் மாட்டி, கீழ் அலகால் நெடுக்குக் கம்பியைத் தள்ளும். இதை நாளுக்கு நூறு முறை செய்யும். ஒருநாள் ‘டிக்’ என்று சத்தம் கேட்கும், பற்று விட்டிருக்கும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் இடைவெளி 19 அல்ல, தள்ளினால் 30. கதவின் கீழ் மூலையிலும் கிண்ண வாசலின் இரு ஓரங்களிலும் இது முதலில் தொடங்கும். வாரம் ஒருமுறை ஸ்பூனின் காம்பால் ஒவ்வொரு சந்திப்பையும் தட்டிப் பாருங்கள். பற்று உள்ள இடம் கணீரென்று கேட்கும், விட்ட இடம் கடகடக்கும்.

நான்கு பக்கமும் கம்பி நெடுக்காகவே ஓடுவது இன்னொரு குறை. கிளி இனம் அலகால் பிடித்து ஏறும். இரண்டு பக்கமாவது கம்பி படுக்கையாக இருந்தால்தான் ஏறி இறங்கத் தோதுப்படும். நெடுக்குக் கம்பியில் அது வழுக்கித்தான் இறங்கும். சில மாடல்களில் கதவுக்கு மேல் பூவேலை வளைவு வைக்கிறார்கள். இரு வளைவுகள் V போலக் குறுகும் இடத்தில் விரலும் கால் வளையமும் சிக்கும். அந்த மாடலைத் தவிர்த்துவிடுங்கள்.

பூச்சுக்கு அடியில் என்ன

கூண்டு விஷயத்தில் அதிகம் கவலைப்பட வேண்டியது துத்தநாகம். சாதாரண இரும்பு துருப்பிடித்தால் அசிங்கம், ஆபத்து குறைவு. ஜிஐ கம்பி அப்படியல்ல. அதன் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சைப் பறவை சுரண்டி விழுங்கினால் விஷம். கோழிக்கும் முயலுக்கும் விற்கிற ஜிஐ வெல்டு மெஷ்ஷை வாங்கிக் கிளிக்குக் கூண்டு கட்டுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். புதுக் கம்பியின் மேல் வெண்ணிறப் பொடி பூத்திருந்தால் அது துத்தநாகத் துரு. வினிகரும் பிரஷும் போட்டுத் தேய்த்தால் பொடி குறையும், பூச்சு போகாது.

இந்தச் சக்கரக் கூண்டில் பூச்சுக்கு அடியில் இருப்பது வெறும் இரும்பா, ஜிஐ-யா என்று கண்ணால் சொல்ல முடியாது. பறவைக்கு எட்டாத இடமாக, காலின் உட்புறத்தில், ஒரு ரூபாய் நாணய அளவுக்கு உப்புத்தாளால் தேயுங்கள். உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சை அதன் மேல் ஒட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் செம்பழுப்புத் துரு வந்திருந்தால் வெறும் இரும்பு, கவலை இல்லை. துருவே வராமலோ, வெள்ளையாகப் பூத்தோ இருந்தால் ஜிஐ, திருப்பி அனுப்புங்கள். கால் ஒரு கம்பி, பலகம் வேறு கம்பி என்றும் வரலாம் என்பதால், பலகத்தின் கொக்கி முனையிலும் ஒரு பொட்டு தேய்த்துப் பார்ப்பது நல்லது.

பூச்சின் தரம் கம்பியின் நடுவில் தெரியாது. பலகத்தோடு பலகம் மாட்டும் கொக்கிகளையும், வெட்டிவிட்ட கம்பி முனைகளையும் பாருங்கள். பவுடர் அங்கே மெலிதாகத்தான் பிடிக்கும். கழற்றி மாட்டும்போது முதலில் பெயர்வதும் அங்கேதான். கடற்கரையோர ஊர்களில் உப்புக் காற்று இந்த முனைகளில் நுழைந்தால் பூச்சு செதில் செதிலாக எழும். எழுந்த இடத்தில் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதீர்கள். காக்கட்டூவுக்கு உரிக்க ஒரு தோல் கிடைத்ததுபோல் ஆகும்.

அதைவிட மோசம் உதிரிகள். கம்பி வெறும் இரும்பாகவே இருந்தாலும், குச்சியை மாட்டும் போல்ட், விங் நட், வாஷர், பொம்மையைத் தொங்கவிடும் சங்கிலி, இணைப்பு வளையம் எல்லாமே துத்தநாகம் பூசியவை. நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்போ, மஞ்சள் சாயலோ தெரிந்தால் அதுதான். பறவைக்கு விங் நட்டை நாக்கால் உருட்டுவது பிடித்தமான விளையாட்டு. இவை எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு 304 தர ஸ்டெயின்லெஸ் உதிரிகளைப் போடுங்கள். குச்சிக்கு 8 மி.மீ. போல்ட் போதும். ஒரு முனையில் மரத்தில் இறங்கும் ஸ்க்ரூ, மறு முனையில் நட்டுக்கு மரை உள்ள வகையைக் கேளுங்கள். இருபுறமும் அகலமான வாஷர் வைத்துக் கம்பியை நடுவில் பிடித்தால் குச்சி சுழலாது.

துத்தநாகம் ஏறிய பறவை அதிகம் தண்ணீர் குடிக்கும், எச்சம் நீர்த்துப்போகும், தின்றதைக் கக்கும், சோர்ந்து உட்காரும், கால் தள்ளாடும். இது பல நோய்களுக்கும் பொதுவான அறிகுறி என்பதால், கூண்டைப் பற்றி மருத்துவரிடம் நாமாகவே சொல்ல வேண்டும். ரத்தம் எடுக்கும் குழாயின் மூடி ரப்பராக இருந்தால், ரப்பரில் உள்ள துத்தநாகமே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். அதற்கெனத் தனிக் குழாய் உண்டு. வயிற்றில் உலோகத் துண்டு தங்கியிருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். சிகிச்சை, உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் ஊசி. வீட்டு வைத்தியத்துக்கு இதில் இடமே இல்லை.

கொண்டி

இந்தக் கூண்டின் படுதோல்வி இதுதான். முன்கதவில் இருப்பது மேலே தூக்கித் திருப்பும் ஒரு கொண்டி. கிரே சில வாரங்களில் திறந்துவிடும். கோஃபினுக்கு அதுகூட வேண்டாம்.

2013-ல் வியன்னாவில் கோஃபின் காக்கட்டூக்களை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு முந்திரிப் பருப்பு, அதை அடைய ஐந்து தடைகள். ஊசியை உருவ வேண்டும், ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும், தாழை இழுக்க வேண்டும், சக்கரத்தை 90 டிகிரி திருப்ப வேண்டும், கடைசியாகக் கொண்டியைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். பிப்பின் என்ற பறவை யாரும் சொல்லித்தராமலே 2 மணி நேரத்துக்குள் ஐந்தையும் திறந்தது. நம் கூண்டில் இருப்பது அந்த ஐந்தில் ஒன்றுக்குச் சமம்.

அதனால் மரை உள்ள காரபைனர் (திருகி மூடும் கொக்கி வளையம்) போட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கையால் இறுக்கிய மரையைக் காக்கட்டூ கழற்றும். ஸ்பேனரால் இறுக்கும் ஸ்டெயின்லெஸ் இணைப்பு வளையத்தை மாட்டி, கையால் முடிந்தவரை திருகிய பின் ஸ்பேனரால் கால் சுற்று கூடுதலாக இறுக்குங்கள். அலகுக்கு அந்த முறுக்கு வராது. பூட்டுத்தான் வேண்டும் என்றால் பித்தளைப் பூட்டு வேண்டாம், பித்தளையிலும் துத்தநாகம் இருக்கிறது. எதைப் போட்டாலும் சாவியும் ஸ்பேனரும் கூண்டுக்குப் பக்கத்துச் சுவரிலேயே தொங்க வேண்டும். தீ, கேஸ் கசிவு என்றால் தேடிக்கொண்டிருக்க முடியாது.

முன்கதவைப் பூட்டிவிட்டுக் கிண்ண வாசலை மறந்துவிடுவார்கள். பறவை உண்மையில் வெளியேறுவது அங்கேதான். மூன்று கிண்ணங்களும் வெளிப்பக்கமாகத் திறக்கும் சின்னக் கதவுகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாக்கு மட்டுமே தடுப்பு. பறவை கிண்ணத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, காலியான வளையத்தில் தலையை விட்டு நாக்கைத் திருப்புகிறது. மூன்றுக்கும் இணைப்பு வளையம் போடுங்கள். கிண்ணம் தூக்கி எறியப்படாமல் இருக்க, வளையத்தோடு ஸ்க்ரூவால் பிடிக்கும் கனமான ஸ்டெயின்லெஸ் கிண்ணங்கள் தனியாகக் கிடைக்கின்றன. கூண்டோடு வரும் மெல்லிய தகட்டுக் கிண்ணத்தின் விளிம்பு கூராக இருக்கும், நாக்கைக் கிழிக்கலாம்.

அடித்தட்டு இழுப்பறைபோல் வெளியே வரும். உள்ளே இருக்கும் வலைத்தட்டை எடுத்துக் கழுவும்போது அடித்தட்டையும் சேர்த்து இழுத்தால், அந்த இடைவெளி வழியாகப் பறவை நடந்தே வந்துவிடும். ஒன்றை மாட்டிய பின் மற்றதை எடுங்கள்.

குச்சி, தூள், எறும்பு

கூடவே வரும் இரண்டு வழவழப்பான உருளைக் குச்சிகளை விறகாக்கலாம். ஒரே தடிமனில், ஒரே இடத்தில், நாளெல்லாம் அழுத்தம் விழுந்தால் பாதத்தில் தோல் மழுங்கி, சிவந்து, புண்ணாகும். உப்புத்தாள் சுற்றிய குச்சி அதைவிடக் கேடு. கொய்யாக் கிளை, வேப்பங்கிளை நல்லது. மருந்து தெளிக்காத மரமாக இருக்க வேண்டும், தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும். அரளி மட்டும் கூடவே கூடாது, முழுவதும் விஷம். விரல்கள் கிளையை முக்கால் சுற்று பிடிக்கும் தடிமனே அளவு. ஒன்று தடித்தது, ஒன்று மெலிந்தது, ஒன்று கோணலானது என்று மூன்று உயரத்தில் வையுங்கள். கிண்ணத்துக்கு நேர்மேலே எதுவும் வேண்டாம். கிளையைக் காக்கட்டூ மென்று தீர்த்தால் வருத்தப்படாதீர்கள், கம்பியை நெம்ப வேண்டிய அலகு அங்கே வேலை செய்திருக்கிறது.

கறுப்பு நிறம் வாங்கினால் ஒரு வாரத்தில் சாம்பலாகும். காக்கட்டூ, காக்டெயில், ஆப்பிரிக்கன் கிரே மூன்றும் இறகிலிருந்து வெண்தூள் கொட்டும் இனங்கள். அது நோயல்ல. தூள் இல்லாமல் போனால்தான் யோசிக்க வேண்டும். அம்பர்லாவின் அலகு இயல்பில் தூள் படிந்து மங்கிய சாம்பலாகத் தெரியும். கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்பு அலகு, அலகு–இறகு நோய் எனப்படும் வைரஸ் தொற்றின் அடையாளமாக இருக்கலாம். அந்த வைரஸ் தூளோடு தூளாகக் கூண்டில் தங்கும், கிருமிநாசினிக்கு எளிதில் மசியாது. பழைய கூண்டு பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்க வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம். கூண்டின் கம்பிகள் கழுவச் சுலபம்தான், ஆனால் நீட்டிய தகடுகள் மாட்டும் மடிப்புக்குள் தூளும் தீனிச் சிதறலும் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். அந்தத் தகடுகளைக் கழற்றித்தான் கழுவ வேண்டும்.

தினமும் அடித்தட்டில் செய்தித்தாள் மாற்றினால் போதும். மரத்தூள், சோளத்தக்கை போட்டால் ஈரத்தில் பூஞ்சை வரும், எச்சத்தின் நிறமும் தெரியாது. வாரம் ஒருமுறை பறவையை வேறு அறையில் விட்டுவிட்டு, பாத்திரம் துலக்கும் சோப்பால் கழுவி, 5 சதவீத பிளீச்சிங் திரவம் 30 மி.லி.யை 1 லிட்டர் நீரில் கலந்து தடவி, 10 நிமிடம் கழித்து நன்றாக அலசி, வெயிலில் காய வையுங்கள். வினிகரோடு பிளீச்சைக் கலக்கக் கூடாது, விஷவாயு வரும். ஃபினாயில் பக்கமே போக வேண்டாம்.

சக்கரம் இருப்பதில் ஒரு தொல்லை நம் வீடுகளுக்கே உரியது. எறும்பு வந்தால் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைக்க முடியாது. சக்கரங்களைக் கழற்றி வெறும் காலில் நிறுத்தினால் வைக்கலாம், அதே மரையில் லெவலிங் போல்ட் பொருந்தும். எறும்புச் சாக்பீஸ் கோடு போடாதீர்கள், அது பூச்சிக்கொல்லி. கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை எதுவும் அந்த அறையில் வேண்டாம். காய்ந்து கருகும் நான்ஸ்டிக் தவாவின் ஆவி கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். அதனால் இந்தக் கூண்டைச் சமையலறையை ஒட்டி உருட்டி வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

பட்டறையில் செய்வதென்றால்

பெரிய காக்கட்டூவுக்குக் கடைக் கூண்டை விடக் கிரில் பட்டறை மேல். கொடுக்க வேண்டிய குறிப்பு: உட்புறம் 48 அங்குல அகலம், 36 அங்குல ஆழம், 60 அங்குல உயரம், 5 மி.மீ. கம்பி, கம்பிக்குக் கம்பி 25 மி.மீ. சுத்தமான இடைவெளி, இரு பக்கமும் படுக்கைக் கம்பி, முழுவதும் 304 தரம், ஆர்கான் வெல்டிங், பற்றுகள் தேய்த்து மழுக்கியிருக்க வேண்டும். 304 என்று சொல்லி மலிவான 202 தர ஸ்டெயின்லெஸ் போடுவது சகஜம். காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, இரண்டிலுமே அது பெரிதாக ஒட்டாது. பழைய ஸ்டீல் வாங்குகிறவர்கள் வைத்திருக்கும் சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டு, 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் 202 சிவக்கும். பற்று போடும் முன்பே, வெட்டிய துண்டில் சோதித்துவிடுங்கள்.

கூண்டுக்கு முன் பறவையின் காகிதம். பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், எந்தக் கூண்டிலும். வெளிநாட்டுக் காக்கட்டூக்களை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், 2024-ல் அதற்கு விதிகள் வந்துவிட்டன. கோஃபினும் மொலுக்கனும் சர்வதேச வர்த்தகத்தில் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை, ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

சக்கரக் கூண்டைத்தான் எடுப்பதென்று முடிவானால், பணம் கொடுக்கும் முன் அடித்தட்டு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பிளாஸ்டிக் தட்டு கம்பிக்கு முன்பே விரிசல் விடும், ஒவ்வொரு சரக்கிலும் அளவு சில மி.மீ. மாறும். கிடைக்காது என்றால், புதிதாக இருக்கும்போதே நீளம், அகலம், விளிம்பு உயரம் மூன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தகடு மடிக்கும் கடையில் ஸ்டெயின்லெஸ்ஸில் மடித்து வாங்கலாம். முன்விளிம்பை மட்டும் உட்பக்கமாக மடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இழுக்கும் கையை வெட்டும்.